நல்லாக்கீது என்று நான் சொன்ன காபி

கண்ணு, இதை உன் தங்கைதான் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் பேசுவதைப் பேசுகிறபடி எழுதினால் வாத்தியார் மார்க் குறைப்பார் என்று அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ மண்ணூர்பேட்டையில் வேலை முடித்துக் கடைசி பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்கு வந்து சேர்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும். தெருவில் யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்தால் இந்தப் பெண் நோட்டை மூடி மடிக்குள் வைத்துக்கொள்கிறாள். "அண்ணன் என்னதாம்மா திட்டும்" என்கிறாள். திட்டினால் என்னைத் திட்டு. அவள் கை மட்டும்தான் இதில் இருக்கிறது.

நேரில் சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் என்ன கடிதம் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை என்னை உன் கடைக்குக் கூட்டிப்போனாயே, அன்றே சொல்லியிருக்க வேண்டும். புதிதாக வெள்ளையடித்த சுவர், வரிசையாக நான்கு பெஞ்சு, பின்னால் கொட்டகையில் உன் சொந்த வறுக்கிற இயந்திரம். நீயே வறுத்து, நீயே அரைத்து, நீயே டிகாக்‌ஷன் இறக்கி, முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தாய். பால் கலக்காமல், சர்க்கரை போடாமல், நான் இஸ்மாயில் பாய் கொட்டகையில் குடித்துப் பார்த்த மாதிரியே கொடுத்தாய். "எப்டிமா கீது?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் "நல்லாக்கீது கண்ணு" என்றேன். அது பொய். உன் காபி நன்றாக இல்லை. வியாழக்கிழமை கடை திறக்கிறாய். பாய் கையால் விளக்கேற்றி, முதல் டம்ளர் அவருக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இரண்டு கம்பெனி கேன்டீன்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறாய். அன்றைக்கு இந்தத் தூளைப் போட்டால் மண்ணூர்பேட்டையில் உன் கடையை இரண்டாவது முறை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இதைக் கேள். முன்பும் இதே பொய்யை ஒருமுறை சொல்லி, ஒரு மனிதனின் வேலையைக் கெடுத்தேன். அப்போது உனக்குப் பத்து வயது. இதை எழுதுகிறவள் தவழ்வதை விட்டு நடக்கப் பழகி, எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டிருந்த காலம். உன் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை திருமழிசைப் பக்கம் கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இஸ்மாயில் பாயின் காபிக் கொட்டகையில் கொட்டை வறுக்கிற முனுசாமிதான், "உக்காந்து செய்ற வேல கீதுமே, வர்றியா?" என்று கேட்டு என்னைச் சேர்த்துவிட்டான். பச்சைக் கொட்டையை முறத்தில் கொட்டி, கறுத்தது, பூச்சி தின்றது, உடைந்தது, கல், குச்சி எல்லாம் பொறுக்கி எடுக்கிற வேலை. நாங்கள் ஆறு பெண்கள். பூந்தமல்லியில் வறுத்து அரைத்த தூள் ஆவடிக் கடைக்கு ஒரு நாள், மண்ணூர்பேட்டைக் கடைக்கு ஒரு நாள், பட்டணத்தில் புரசைவாக்கம் கடைக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் போகும். மூன்றும் பாயின் கடைகள்தான். பெஞ்சு போட்ட சின்னக் கடைகள். ஆனால் அந்தக் காபிக்காக இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருகிறவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் வறுத்ததில் ஒரு பிடி எடுத்து அரைத்து, சின்ன பில்டரில் போட்டு, கறுப்பாக ஒரு வாய் பாய் குடிப்பார். கண்ணை மூடுவார். "அனுப்பு" என்பார். அந்தச் சொல் வராமல் ஒரு பை வெளியே போகாது. நோன்பு மாதத்தில் மட்டும் அவரால் குடிக்க முடியாது. பகல் இரண்டு மணி பஸ்ஸில் பை போயாக வேண்டும், பொழுது சாயும்வரை காத்திருக்க முடியாது. புகை தொண்டையில் இறங்கக்கூடாது என்று அந்த மாதம் முழுவதும் கொட்டகைப் பக்கமே வராமல் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் கணக்கப்பிள்ளை குடித்துப் பார்ப்பாராம். அவர் மகனோடு ஊர் மாறிப் போய்விட்டார். முனுசாமி வாயில் எந்நேரமும் புகையிலை. பொறுக்குகிற பெண்கள் எல்லோருக்கும் வெற்றிலை. உன் அப்பா போனபிறகு நான் வெற்றிலை போடுவதை விட்டிருந்தேன். பாய் எல்லோர் வாயையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "தங்கச்சி, உன் வாய்தான் சுத்தமா கீது. ஒரு மாசம் நீ குடிச்சிப் பாத்து சொல்லு" என்றார். காபி என்றால் பாலும் வெல்லமும் போட்ட தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வேலை வந்தது. "மகாராணி நாக்கு கொடுத்து வச்ச நாக்கு" என்று முனுசாமி சிரித்தான்.

முதல் இரண்டு நாள் எனக்கு எல்லாம் விஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது நாள் வித்தியாசம் தெரிந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இது உள்ள வேகல பாய், பச்ச வாசன அடிக்குது" என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். பாய் மறுபடி வறுக்கச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று முனுசாமி வறுக்கிற உருளையை அவசரமாகத் திறந்ததில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோய்விட்டது. கையில் மாவு அப்பிக்கொண்டு, "இன்னாமே, திருப்தியா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன். அவன் நினைத்தால் அந்த வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அவன் அப்படி நினைத்தானோ இல்லையோ, எனக்கு இப்போதும் தெரியாது. பயம் என்னுடையது. அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் "நல்லாக்கீது" என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. நல்லவேளையாக எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

அது மார்கழி. விறகு ஈரம். எஸ்டேட்டில் புதுப்புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. இயந்திரங்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். அந்தப் பெட்டியை உடைத்துப் பலகையாக வெளியே கொடுப்பார்கள். முனுசாமி ஒரு மாட்டு வண்டி நிறைய அந்தப் பலகையைக் கொண்டுவந்து இறக்கினான். "இன்னா மாரி காஞ்சிகீது பாரு கட்டை, காயிதம் மாரி பத்திக்கும்" என்று அவனுக்கு ஒரே பெருமை. அப்படித்தான் பற்றிக்கொண்டது. அந்தப் பெட்டிகளின் உட்புறம் மழைக்குத் தார்க்காகிதம் ஒட்டியிருப்பார்கள் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வறுக்கிற உருளையில் காற்றுப்போக ஓட்டை இருக்கும். புகை அதன் வழியாகப் போய்க் கொட்டையில் இறங்கிவிட்டது. கொட்டையைப் பார்த்தால் அத்தனை அழகு. ஒரே நிறம், ஒரே பளபளப்பு. ஒரு வாய் குடித்தேன். தார் போடுகிற ரோட்டில் வாயை வைத்த மாதிரி இருந்தது. முனுசாமி கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே நின்றான். நான் முன்பக்கம் போனேன். பாய் ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "நல்லாக்கீது பாய்." "அனுப்பு" என்றார்.

அன்று மண்ணூர்பேட்டை முறை. அங்கே டிகாக்‌ஷன் இறக்குகிறவர் பொன்னுரங்கம். இப்போதைய உன் வயதைவிட அப்போது அவருக்கு இரண்டு மூன்று வயது கூட இருக்கும். புதிதாகக் கட்டிக்கொண்ட பெண்ணோடு கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தார். எஸ்டேட் கம்பெனி ஒன்று தன் கேன்டீனுக்கு யாருடைய தூளை வாங்குவது என்று அந்த வாரம்தான் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் ஆறு மாதமாக நடையாய் நடந்து வாங்கிய வாய்ப்பு. பொன்னுரங்கம் அந்தத் தூளில் காபி போட்டுக் கேன்டீனுக்கு எடுத்துப் போயிருக்கிறார். மறுநாள் மத்தியானம் மிச்சப் பையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு வந்து நின்றார்.

"பாய், தூள்ல தார் நாத்தம் அடிக்குது. ஆபீசரு ஒரு வாய் வச்சிட்டு கிளாஸ அப்டியே தள்ளி உட்டுட்டாரு. கூட இருந்தவரு துப்பிட்டாரு பாய்."

பாய் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நேத்து நீ குடிச்சியே, எப்டி இருந்துது?"

இந்த இடத்தில்தான் இரண்டாவது முறை சொன்னேன். முதல் முறை பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது முறை, முதல் முறை சொன்னதைக் காப்பாற்றச் சொன்னேன். "நல்லாதான் இருந்துது பாய்." பாய் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார். "கிருஷ்ணாயில் ஸ்டவ் பக்கத்துல டப்பாவ வச்சிருந்தியா?" "இல்ல பாய்." "சத்தியமா?" பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "வச்ச ஞாபகம் இல்ல பாய்... கடை சின்னதுதான... ஒருவேள வச்சிருப்பனோ இன்னாவோ" என்றார். அவ்வளவுதான். பாய் கத்தவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், சாவியைக் கொண்டுவந்து கொடு என்று மட்டும் சொன்னார். பொறுக்குகிற இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். முறத்தில் இருந்த கொட்டை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகை முந்தின நாளோடு தீர்ந்து, பழைய விறகுக்கு மாறியிருந்தார்கள். அதன்பிறகு போன தூள் எல்லாம் நன்றாக இருந்ததால் பொன்னுரங்கம்தான் தப்பு செய்தவர் என்று உறுதியாகிப்போனது.

எட்டு நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், "யம்மா, ஏன் சோறு துன்ன மாட்டன்ற?" என்று நீ தட்டைத் தள்ளித் தள்ளி வைப்பாய். ஒன்பதாவது நாள் பொன்னுரங்கம் சாவி கொடுக்க வந்தார். அவர் மனைவி வெளியே மூட்டையோடு நின்றிருந்தாள். வேப்பம்பட்டில் மாமனார் வீட்டுக்குப் போகிறார்களாம். பாயிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, எங்களைத் தாண்டிப் போகும்போது என் பக்கத்தில் குந்தினார். கோபமாக ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "யக்கா, நீ குடிச்சப்போ நல்லாருந்துதுல்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "அப்போ என் நாக்குதான் கெட்டுப்போச்சு போல. அன்னிக்கி காலைல முத கிளாஸ் குடிச்சப்பவே எனக்கு தார் அடிச்சுது. பூந்தமல்லில பாத்துதான அனுப்பிருப்பாங்க, நம்ம நாக்குதான் சரியில்லன்னு கேன்டீனுக்கு எட்துகினு பூட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

கண்ணு, அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. வேலை போனது ஒன்று. தன் நாக்கைத் தானே நம்பாமல் என் சொல்லை நம்பி, அதனாலேயே மாட்டிக்கொண்டு, இனிமேல் தன் நாக்கு கெட்டது என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் வாழப்போகிறார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நான் எழுந்து பாயிடம் போனேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பலகை, தார், முனுசாமி கை, என் பயம் எல்லாவற்றையும் கலந்து கொட்டினேன். முனுசாமி பின்னாலிருந்து, "இன்னாமே உளர்ற?" என்று கத்தினான். பாய் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பொன்னுரங்கத்தையும் உட்காரச் சொன்னார். திரும்பி வந்த அந்தப் பையை மூலையிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.

பொழுது சாயும்வரை எல்லோரும் அங்கேயே காத்திருந்தோம். பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. வீட்டிலிருந்து வந்த கஞ்சியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தூளில் இறக்கிய கறுப்புக் காபியைக் கையில் எடுத்தார். நாள் முழுதும் தண்ணீர் படாத வாய். ஒரு வாய் குடித்தார். முகம் கோணிற்று. கீழே வைக்காமல் டம்ளரைக் காலி செய்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை, பொன்னுரங்கத்தைத்தான் பார்த்தார். "தம்பி, அன்னிக்கே நோன்பு தொறந்துட்டு ஒரு வாய் குடிச்சிருக்கலாம். நான் குடிக்கல. தப்பு எனுது. சாவிய எட்துக்கோ." பொன்னுரங்கம் எடுத்துக்கொள்ளவில்லை. மாமனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், போய்விட்டு வருகிறேன் என்றார். பெருநாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். அதுவும் பாய் வேப்பம்பட்டுக்கு நேரில் போய்க் கூப்பிட்ட பிறகு. கேன்டீன் கடைசிவரை கிடைக்கவில்லை. முனுசாமி என்னோடு பேச இரண்டு வருஷம் ஆனது. பாய் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அடுத்த நோன்பு மாதமும் டம்ளரை என்னிடமே கொடுத்தார். அதன்பிறகு எத்தனையோ முறை "வேணாம், இது போகக்கூடாது" என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்தவள் போன ஞாயிற்றுக்கிழமை ஏன் பொய் சொன்னேன்? முனுசாமிக்குப் பயந்தது போல் உனக்குப் பயப்படவில்லை. உன் கொட்டகையைப் பார்த்தேன். வறுக்கிற இடம் இருக்கிறது, அரைக்கிற இடம் இருக்கிறது, மூட்டை அடுக்க இடம் இருக்கிறது. கொட்டை பொறுக்க இடம் இல்லை. ஒரு முறம்கூட இல்லை. "பொறுக்கறது எங்கடா?" என்று கேட்டதற்கு, "வறுத்தா எல்லாம் கறுப்புதானம்மா" என்று சிரித்தாய். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பதினாறு வயதில் நீ பாயிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியாமல் கால் மரத்துப்போய் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீ பார்த்தாய். ஓடிவந்து தூக்கினாய். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "நா கட வச்சா ஒருத்தியும் இப்டி குந்தக்கூடாது" என்றாய். பையன் ஏதோ சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். நீ விடவில்லை. எனக்காக நீ ஒரு வேலையையே ஒழித்துவிட்டுக் கடை கட்டியிருக்கிறாய். அப்படிக் கட்டின பிள்ளையிடம், அதனால்தான் உன் காபி கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதனால்தான் கெட்டிருக்கிறது. உன் வறுவலில் குறை இல்லை. முனுசாமிகூட அப்படி ஒரு பதம் பிடித்ததில்லை. குடித்து முடித்தபிறகு நாக்கின் அடியில் ஒரு புளிப்பு நிற்கிறதே, அழுகின பழம் மாதிரி, அது கறுத்த கொட்டை. ஒரு பிடி கறுத்தது ஒரு மூட்டை நல்லதைக் கெடுக்கும். நிறத்தில் மறைந்துகொள்ளும், வாயில் மறையாது. உனக்குத் தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் சிகரெட். நீ பிடிப்பது எனக்குத் தெரியும். உன் தங்கை சொல்லவில்லை, உன் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று நினைத்தாய்? இந்த வரியை எழுதமாட்டேன் என்று இவள் அடம்பிடித்தாள். எழுத வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் நான் குந்தினேன். இடுப்பு போனது உண்மைதான். அந்தக் கூலியில்தான் நீ பத்தாவது படித்தாய் என்பதற்காக அதை நல்ல வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வேண்டாத வேலை இல்லை கண்ணு. நாங்கள் ஆறு பெண்கள் ஒதுக்கித் தள்ளியதால்தான் பாயின் காபிக்கு ஜனங்கள் இரண்டு ஸ்டாப் நடந்தார்கள். உன்னைப் பார்த்து ஊரில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், எனக்கும் அதைச் சொல்ல இத்தனை நாள் தோன்றவில்லை. குந்துவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றால், குந்துவதை ஒழி. பொறுக்குவதை ஒழிக்காதே.

கொட்டகையில் கிழக்கு ஜன்னல் பக்கம் மூட்டை அடுக்கியிருக்கிறாயே, அதை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டு, அங்கே ஒரு மேசை போடு. இடுப்பு உயரம் இருக்கட்டும். முதுகு சாய்கிற மாதிரி மூன்று நாற்காலி. வெளிச்சம் கொட்டையின்மேல் விழ வேண்டும், கண்ணில் அல்ல. என்னோடு பொறுக்கிய ராணியையும் பட்டம்மாவையும் கேட்டுவிட்டேன், வருகிறார்கள். வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. திறப்புக்கு வேண்டிய இரண்டு மூட்டையைப் பார்த்துவிடலாம். அரைத்து வைத்திருக்கிற தூளை யாருக்கும் கொடுக்காதே, வீட்டுக்கும் எடுத்துவராதே, குப்பையில் கொட்டு. மனசு கேட்காது, கொட்டு.

இதைப் படித்துவிட்டு இன்றிரவு என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை. மண்சட்டியில் குழம்பு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் படு. காலையில் முதல் பஸ்ஸுக்கு நானும் வருகிறேன். முறம் நான் கொண்டுவருகிறேன். மேசை மட்டும் நீ பார்.